சர்க்கரை இல்லாத ஆண்கள்

உட்கார்ந்தால் அவளுக்குக் கால் ஆடும். ஆட்டுகிறோம் என்ற நினைப்பே இருக்காது. மேஜை அதிரும், பக்கத்து மேஜைக்காரரின் டீ தம்ளர் நகரும், அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், கால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். ஏதாவது ஒரு எண் மனத்துக்குள் சரியாக உட்காரவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் அதிகம். அந்த வாரம் தம்ளர் கீழேயே விழுந்துவிட்டது.

இழப்பீட்டு வாரியத்தில் அவளுக்குப் புள்ளிவிவர வேலை. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களுக்கு மருத்துவச் செலவும், எழுந்து வேலைக்குப் போகும்வரை வாரச் சம்பளமும் கொடுப்பது வாரியத்தின் பொறுப்பு. கை நசுங்கினவர், முதுகு பிடித்தவர், ஏணியிலிருந்து விழுந்தவர் என்று ஆயிரக்கணக்கான பேர். அவர்களில் ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. அவளிடம் அவர்கள் பில்களாகத்தான் வந்து சேருவார்கள். மருத்துவர் பில், மருந்து பில், எக்ஸ்ரே பில். இந்தப் பில்களை வைத்துக்கொண்டு, அடிபட்டவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு, எத்தனை பேருக்கு மூட்டுவலி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அடிபடுவதற்கு முன்பே உடம்போடு குடித்தனம் நடத்தும் நோய்கள் எவ்வளவு என்று மேலதிகாரிக்குத் தெரிய வேண்டுமாம்.

ஆளைக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டால் முடிந்துபோகிற விஷயம். கேட்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே அவள் ஒரு விதி வகுத்தாள். யார் பெயரில் சர்க்கரை மாத்திரை இரண்டு தடவையாவது வாங்கப்பட்டிருக்கிறதோ, அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு தடவை என்றால் பதிவில் தவறு நடந்திருக்கலாம். அதே தவறு இரண்டாம் தடவையும் நடக்காது. அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எண்ணி முடித்தபோது ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். பெண்களில் நூற்றுக்குப் பதினெட்டு.

கால் ஆட ஆரம்பித்தது அப்போதுதான். இரும்போடும் சிமெண்டோடும் மல்லுக்கட்டுகிற நடுத்தர வயது ஆண்கள், டீயில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டுக்கொள்கிறவர்கள், பாதி ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கெல்லாம் உடம்பு கல்லுக்குண்டாக இருக்கிறதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? திரும்ப எண்ணினாள். அதே விடை. அதோடு இன்னொரு உறுத்தலும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்கள் மணிக்கட்டு சுளுக்கு, தோள்பட்டை வலி என்று சின்னச் சின்னக் கோரிக்கைக்காரர்கள். மாதாமாதம் தவறாமல் சர்க்கரை மாத்திரை வாங்கியிருந்தார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பில்கூட இல்லை. மாத்திரை உண்டு, சோதனை இல்லை.

மேலதிகாரிக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவர் கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருக்கிற ரகம்.

"இதுல என்னம்மா அதிசயம்? பொம்பளைங்க தங்களைக் கவனிச்சுக்கறதே கிடையாது. மாத்திரையை வாங்கி அலமாரியில வெச்சுட்டு மறந்துடுவாங்க. எங்க வீட்டுலயும் இதே கதைதான். இதுக்கு ஒரு வழி சொல்லி முடிங்க. வழி சொல்லாத அறிக்கையை யார் படிப்பாங்க?"

அவளும் ஒரு வழி எழுதினாள். இந்தப் பெண்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை போலிருக்கிறது. இனி வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், தினமும் வேலைக்கு வரும்போது தொழிற்சாலை கிளினிக்கிலேயே, நர்ஸ் முன்னிலையில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு விழுங்க வைக்கலாம். எழுதும்போது இரண்டு மனதாகத்தான் இருந்தது. 'போலிருக்கிறது' என்ற சொல்லை மேலதிகாரி அடித்துவிட்டார். அறிக்கையின் சுருக்கம் ஒரே தாளாக அச்சாகி எல்லாக் கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. முதல் வரியே, 'ஆண் தொழிலாளர்களிடம் சர்க்கரை நோய் மிகக் குறைவு.'

சில வாரங்களில் மேலதிகாரி வாயெல்லாம் பல்லாக வந்து அவள் மேஜையில் ஒரு காகிதத்தைப் போட்டார்.

"பாருங்க! கிளினிக்குல சேர்ந்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் சுகர் கட்டுக்குள்ள வந்துடுச்சு. கண்ணெதிர்ல முழுங்க வெச்சா எப்படிக் கேக்குது பார்த்தீங்களா?"

அத்தனை பேருக்குமா? எந்த மருந்தும் எல்லோருக்கும் கேட்டதாக அவள் எந்தக் கணக்கிலும் பார்த்ததில்லை. யாராவது நாலு பேர் சண்டி பண்ணுவார்கள். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். பக்கத்து மேஜைக்காரர் முன்யோசனையாகத் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் வெல்டர். நாலு மாதத்துக்கு முன்பு பட்டறையில் ஓர் இரும்புத் தகடு வழுக்கி அவனுடைய இடது பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. பெருவிரல் ஓரத்துப் புண் மட்டும் ஆற மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாரியத்தின் வாரச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அண்ணி ஒரு சோப்பு ஆலையில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். அவளுக்கும் போன வருடம் மணிக்கட்டு பிசகி, வாரியக் கணக்கில் ஒரு சின்னக் கோரிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தான். பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில், பாதி காலி.

"வாங்க கணக்கு, வாங்க!" என்றான். சின்ன வயதில் அவன் திருட்டுத்தனமாகத் தின்ற பிஸ்கட்டுகளை எண்ணி அம்மாவிடம் போட்டுக் கொடுத்ததற்காக அவன் வைத்த பெயர் அது. "இன்னைக்கு யார் வீட்டு வியாதியை எண்ணப் போறீங்க?"

"உன் வாயை எண்ணலாம்னு வந்தேன். காலு எப்படி இருக்கு?"

"காலு எங்கேயும் போகலை. இங்கேயேதான் இருக்கு."

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலில் போட்டிருந்த கட்டிலிருந்து மருந்து வாடையையும் மீறி வேறொரு வாடை வந்தது. அவன் பாட்டிலைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தான்.

ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்த அண்ணி டீ கொண்டுவந்தாள். தட்டில் தம்ளர் கடகடவென்று அடித்துக்கொண்டது. நெற்றி முழுக்க வேர்வை. இவள் எழுந்து தட்டை வாங்குவதற்குள் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. அந்த பிஸ்கட் டப்பாவை இப்படிக் குடு. காலையில அந்த மாத்திரையை முழுங்கினா மத்தியானம் இப்படித்தான் படபடன்னு வருது."

"எந்த மாத்திரை அண்ணி?"

"அதான், அந்தச் சுகர் மாத்திரை. முன்னாடி கையில குடுத்து அனுப்பிடுவாங்க. இப்ப ஒரு புது நர்ஸ் எதிர்லயே நின்னு, வாயைத் திற, நாக்கைத் தூக்குன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். அவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"உங்களுக்கு எப்ப அண்ணி சுகர் வந்தது?"

அவள் போய் டிவியை அணைத்தாள். அதற்குள்ளேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அண்ணா, உனக்கா?"

"மூணு வருஷமா" என்றாள் அண்ணி. அவன் முறைத்ததை அவள் சட்டை செய்யவில்லை. "அடிபட்டப்போகூட மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாரு, அதனால அன்னைக்கு ரத்தத்துல பார்த்தப்போ ஒண்ணும் தெரியலை. இவர் பேர்ல வாங்கினா வாரியத்துக்குத் தெரிஞ்சுடும். புண்ணு ஆறாததுக்குச் சுகர்தான் காரணம், தகடு இல்லைன்னு சொல்லிச் சம்பளத்தை நிறுத்திடுவாங்க. இவரோட வேலை பார்த்த கிரேன்காரருக்கு அப்படித்தான் பண்ணினாங்க. அதான் என் மணிக்கட்டுக்குப் போறப்போ எனக்குச் சுகர் இருக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டிருந்தேன். சின்ன கிளெய்ம், யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க. டெஸ்ட் எடுக்கச் சொன்னா மட்டும் ஏதாவது சொல்லி நழுவிடுவேன்."

"நீங்க மட்டும்தானா?"

"நல்லா கேட்டே! எங்க செக்‌ஷன்ல பாதிப் பேர் புருஷனுக்குத்தான் வாங்கறோம். ஒருத்தி அண்ணனுக்கு வாங்கறா."

நூற்றுக்குப் பதினெட்டு. நூற்றுக்கு மூன்று. வாரக்கணக்காகத் தம்ளரைத் தள்ளிக்கொண்டிருந்த எண்கள் இரண்டும் சாவகாசமாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. நோயே இல்லாத பெண்களுக்கு விரலில் குத்திப் பார்த்தால் சரியாகத்தானே இருக்கும்? அதைத்தான் மேலதிகாரி வெற்றி என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்.

"அப்போ இப்ப உனக்கு மாத்திரை?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"அதான் அவ முழுங்கிடறாளே. எனக்கு எங்கேர்ந்து வரும்?" என்றான் அவன். "கடையில சீட்டு கேக்கறான். சீட்டு எழுதற டாக்டர் தொழிலாளர் நம்பரைக் கேக்கறான். நம்பரைக் குடுத்தா வாரியத்துக்குப் போயிடும். ஒரு மாசமா ஒண்ணும் இல்லை."

"இந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்றாள் அண்ணி, பிஸ்கட்டை மென்றுகொண்டே. "எந்த ஏசி ரூம்ல உக்காந்து எழுதினானோ! அவன் கை விளங்குமா?"

இவள் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அண்ணியின் வேர்த்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அதை விழுங்க முடியவில்லை.

"நான்தான் எழுதினேன் அண்ணி."

அண்ணி மெல்லுவதை நிறுத்தினாள். அப்புறம் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். நல்ல சிரிப்பில்லை அது.

"பிஸ்கட்டை எண்ணினவ இல்லையா! பழக்கம் போகுமா?"

அவள் கட்டைப் பிரிக்கச் சொன்னாள். மாட்டேன் என்றான். அவளே குனிந்து பிரித்தாள். பெருவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. தொட்டால் அவனுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இருக்கிறதைச் சொல்லிடலாம்ணா. கால் போயிடும்."

"சொன்னா சம்பளம் போயிடும். வாடகை நீ குடுப்பியா? ஒரு மாசம் குடுப்பே, ரெண்டு மாசம் குடுப்பே. அப்புறம்? திங்கட்கிழமை எனக்கு டாக்டரைப் பார்க்கற நாள். அதுவரைக்கும் இந்தக் கால் ஓடிப்போயிடாது."

"அண்ணா..."

"நீ வாயைத் திறந்தா, அதோட உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. சத்தியமா சொல்றேன்."

அண்ணி இவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். எதற்குக் கெஞ்சினாள், சொல் என்றா, சொல்லாதே என்றா, அது இவளுக்குப் பிடிபடவில்லை. "சரி, சொல்லலை. கூட வரேன், அவ்வளவுதான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சொன்னால் அண்ணன் போய்விடுவான், சொல்லாவிட்டால் அவன் கால் போய்விடும். இதற்கு எந்த விதியை வகுப்பது?

திங்கட்கிழமை புண் பார்க்கும் டாக்டரின் அறையில் மூன்று பேரும் நுழைந்தார்கள். இளவயது டாக்டர், நல்ல மனிதர். கட்டைப் பிரித்தவர் முகம் மாறியது.

"போன தடவை இவ்வளவு மோசமா இல்லையே. உங்களுக்குச் சுகர் இல்லைதானே?"

"இல்லை சார்" என்றான் அண்ணன். கண்ணிமைக்காமல் சொன்னான்.

"ஆமா, சேர்த்தப்போ பார்த்தது சரியாத்தான் இருந்தது. மறுபடி ஒரு தடவை பார்க்கலாம்னுகூட நினைச்சிருந்தேன், அப்புறம் அது தேவையில்லைன்னு விட்டுட்டேன்." அவர் பின்பக்கச் சுவரைக் கை காட்டினார். "உங்க மாதிரி வேலை செய்றவங்களுக்குச் சுகர் ரொம்பக் கம்மி. வாரியமே கணக்கெடுத்து அனுப்பியிருக்காங்க. ரத்த ஓட்டம்தான் பிரச்சினையா இருக்கும். மருந்தை மாத்தித் தரேன், ரெண்டு வாரம் பார்ப்போம்."

சுவரில் நான்கு மூலையிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, அவளுடைய தாள் தொங்கியது. முதல் வரி அவள் எழுதிய வரி. இரண்டு வாரம்! அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அந்தக் கணக்கு தப்பு."

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"அந்தக் கணக்கைப் போட்டவ. நாங்க ஆளை எண்ணலை சார், மாத்திரையைத்தான் எண்ணினோம். ஆம்பளைங்க யாரும் மாத்திரையைத் தன் பேர்ல வாங்கறதில்லை. அதுக்கு மேல நான் யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலை. அந்தத் தாளை நம்பி யாருக்கும் வைத்தியம் பண்ணாதீங்க. அவ்வளவுதான்."

குரல் உடைந்துவிட்டது. டாக்டர் மக்கு இல்லை. அவளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், விரலில் குத்தும் ஊசியை எடுத்தார்.

அண்ணன் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி. இவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போது அண்ணி எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்து மேஜையின் மேல் வைத்து, அது நகராமல் தன் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். பிசகின மணிக்கட்டு அவளுக்கு வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். ஆனால் விடவில்லை.

கருவியில் வந்த எண்ணை டாக்டர் வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை எடுத்து அறுவைச் சிகிச்சைப் பிரிவைக் கூப்பிட்டார். அவர்கள் வெளியே வரும்போது சுவரில் இருந்த தாளைக் கிழித்துக் கசக்கினார். "இனிமே ஆறாத புண்ணுன்னா முதல்ல குத்திப் பார்த்துடறேன். வாரியத்துக்கு எழுதறதா வேண்டாமாங்கறதெல்லாம் அப்புறம்" என்றார்.

பாதம் தப்பித்தது. இரண்டு விரல் போயிற்று. அண்ணன் சொன்னதைச் செய்தான். ஆஸ்பத்திரிக்கு இவள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அண்ணியிடம் ஒருநாள் வராந்தாவில் வைத்து இவள் சொன்னாள். "உங்க செக்‌ஷன் பொம்பளைங்களையும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்க அண்ணி. நான் சரியா எழுதறேன்."

"எதுக்கு? அவங்க வீட்டுலயும் சம்பளம் நிக்கறதுக்கா?" என்றாள் அண்ணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "முதல்ல அந்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோக விடச் சொல்லு. ஊரெல்லாம் எத்தனை காலு இருக்கோ."

மறுநாள் காலை அவள் மேலதிகாரி முன்னால் போய் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தவறு என்று தெரிந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேசத் தயாராக வந்திருந்தாள்.

"சார், கிளினிக் ஏற்பாட்டை நிறுத்திடலாம்."

"ஏம்மா? நல்லா நடக்குதே? எல்லாருக்கும் கட்டுக்குள்ள வந்துடுச்சே?"

"அதனாலதான் சார். எல்லாருக்கும் வந்துடுச்சு. இனிமே நர்ஸ் எதுக்கு? பழையபடி கையிலேயே குடுத்து அனுப்பலாம்."

அவர் யோசித்தார். வெற்றியைக் காரணம் காட்டி ஒன்றை நிறுத்தச் சொன்னால் யாரால் மறுக்க முடியும்? கையெழுத்துப் போட்டார். ஆனால் திருத்திய அறிக்கையில் அவள் எழுதியிருந்த முதல் வரியில் அவர் பேனா நின்றது. 'ஆண் தொழிலாளர்களின் சர்க்கரை நோய் பற்றி இந்த விவரங்களிலிருந்து எதுவும் சொல்ல இயலாது.'

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறோம்?"

"தெரிஞ்ச மாதிரி எழுதினதுக்கும் அதே சம்பளத்தைத்தான் குடுத்தீங்க சார்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த வரியை அடிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வைக்கு வெளியே கட்டுப்போட்ட பாதம். நீளம் குறைந்துதான் தெரிந்தது. அவள் கட்டில் ஓரத்தில் நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"கணக்கு" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

"என்னண்ணா?"

"என் ரெண்டு விரலையும் எதுல எழுதப் போறாங்க? தகட்டாலயா, சுகராலயா? அதுல இருக்குல்ல சம்பளம்?"

"இன்னும் எழுதலைண்ணா. தகடுன்னும் எழுதலாம், சுகர்னும் எழுதலாம்." பிறகு, மூச்சு விடாமல் சொன்னாள். "என்னாலன்னு எழுத அதுல இடம் இல்லைண்ணா."

அவன் மெல்லத் திரும்பினான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அவளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இருந்திருந்தா நீ எழுதியிருப்பே" என்றான். "உன்னைத் தெரியாதா எனக்கு?"

நல்ல காலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலில் இடம் விட்டான்.

"உக்காரு. காலை மட்டும் ஆட்டாதே. கட்டில் ஆடினா வலிக்குது."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் கால் ஆடத்தான் செய்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், எழுந்திரு என்று சொல்லவில்லை.